ஜானிஸ் தடவிய சுவர்

கிளைவ் ஹெய்க்குக்கு ஒரு சுவரின் மேல் பொறாமை. மனிதன் மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஊர் உலகத்தில் உள்ளதுதான். இவன் பட்டதோ ஹாலிஃபாக்ஸில், மச்சினி மரியன் வீட்டு முன்னறையில், ஜன்னலுக்கும் கணப்புக்கும் நடுவே இருந்த ஒரு சுவரின் மேல். அதைப் பூசியவன் மெல்வின் சக்டன். பூச்சு காய்ந்து வெளிர்சிவப்பாக மாறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவெல்லாம் தேநீரும் கேக்குமாக அங்கே கூடியிருந்தபோது, கிளைவின் மனைவி ஜானிஸ் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். "பட்டு மாதிரி இருக்கு மெல்வின்," என்றாள். அவ்வளவுதான் நடந்தது. கிளைவுக்குக் கேக் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த அறையில் எல்லாரும் கோட்டைக் கழற்றிவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் ஜன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டர். அதை மாட்டியவன் கிளைவ். கொதிகலனிலிருந்து தரைப்பலகைக்கு அடியில் குழாய் இழுத்து, ஒவ்வொரு வளைவையும் கையால் வளைத்து, ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் வெந்நீர் ஓட வைத்தவனும் அவன்தான். அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. போதாக்குறைக்கு அதன் மேல் யாரோ ஈரக் கோட்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

வெறும் சுவர் என்றால் கிளைவ் இத்தனை ஆத்திரப்பட்டிருக்க மாட்டான். கிளைவ் என்று ஒருத்தன் இருப்பதே ஜானிஸுக்குத் தெரியாத நாளில், இரண்டு குளிர்காலம் சனிக்கிழமைதோறும் அவள் மெல்வினோடுதான் நடனத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அவன் கட்டட வேலைக்கு ஜெர்மனி போய்விட்டான். அவள் அழுததாகவோ காத்திருந்ததாகவோ யாரும் சொல்லவில்லை. கிளைவைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். மெல்வின் திரும்பி வந்து, கல்யாணம் செய்து, அதை முறித்தும் கொண்டு, ஐம்பத்தைந்து வயதிலும் தலை நிறைய முடியோடு சீட்டியடித்தபடி ஊரெல்லாம் சுவர் பூசிக்கொண்டிருந்தான். கிளைவின் தலையில் முடி விடைபெற்று ரொம்ப நாளாகியிருந்தது. சீட்டியும் அடிக்க வராது.

கிளைவைப் பற்றிக் கெட்டதாக ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பதினாறு வயதில் எரிவாயுக் கம்பெனியில் வேலை பழகப் போனவன், பின்னாளில் சொந்தமாக ஒரு வேன் வாங்கினான். உறைபனியில் குழாய் வெடித்தால் பாதி ஊர் அவனைத்தான் கூப்பிடும், அவனும் முணுமுணுத்துக்கொண்டே போவான். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பான். மேலே சில்லென்று இருந்தால் "காத்து அடைச்சிருக்கு" என்று சாவிக்கொத்திலிருந்து அதற்கான சின்னச் சாவியை எடுத்துத் திருகிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஒருவரிடம் கொதிகலன் மாட்டிக்கொண்டபோது அவரோடு கிறிஸ்துமஸ் முடியும்வரை பேசவில்லை. பொறாமை அவன் உடம்போடு பிறந்தது. மெல்வின் அதற்குத் தீனி போட்டான், அவ்வளவுதான்.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. அதற்குள் கிளைவின் சொந்த வீட்டிலேயே முன்னறைச் சுவர்களில் ஈரம் ஏறிவிட்டது. பழைய பூச்சு உப்பிக்கொண்டு உதிர்ந்தது. அந்தச் செப்டம்பரில் கிளைவே ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, சுத்தியலும் உளியுமாகச் சுவரைச் செங்கல் தெரியும்வரை கொத்தித் தள்ளினான். கொத்தியது வரை சரி. பூசுவது யார் என்ற கேள்வி வந்ததும் வீட்டில் பேச்சு நின்றது.

அக்டோபர் போனது, நவம்பரும் பாதி போனது. முன்னறையில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஜானிஸ் ரொட்டிக்கடையில் வேலை முடிந்து வந்தால் சமையலறையை விட்டு அசைய மாட்டாள். ஒருநாள் இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் நம்ம வீட்ல. மரியன் வீட்டாளுங்க எல்லாரும் வர்றாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"செங்கல் சூளையில உக்கார வச்சு நான் யாருக்கும் வான்கோழி பரிமாற மாட்டேன், கிளைவ்."

"ஆள் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பிராட்ஃபோர்ட்காரன் பிப்ரவரிக்கு அப்புறம்தான் வருவானாம். எல்லண்ட்ல ஒருத்தன் போனையே எடுக்கல."

"மெல்வின் சும்மாத்தான் இருக்கான். ஒரு பப் வேலை தள்ளிப்போச்சாம். நேத்து கடைக்கு வந்தப்போ சொன்னான்."

கிளைவின் முள்கரண்டி நின்றது. "கடைக்கு வந்தானா?"

"ரொட்டி வாங்க வந்தான். ரொட்டிக்கடைக்கு வேற எதுக்கு வருவாங்க?"

"அவன் வீட்டுப் பக்கத்துலேயே ஒரு ரொட்டிக்கடை இருக்கே."

ஜானிஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "இங்க பாரு கிழவா. கிறிஸ்துமஸுக்குள்ள சுவர் பூசியாகணும். பூசலைன்னா நான் மரியன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க நல்ல சுவர் இருக்கு. நீ இங்க செங்கல்லுக்குக் குழம்பு ஊத்திச் சாப்பிடு."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கிறிஸ்துமஸ் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கிளைவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: அங்க நல்ல சுவர் இருக்கு. பெண்டாட்டி தன்னை விட்டுப் போய், அந்தப் பட்டுச் சுவரின் பக்கத்தில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடுவதை அவன் மனக்கண்ணில் பார்த்தான். மரியன் எப்படியும் மெல்வினையும் கூப்பிடுவாள், தனியாக இருக்கிற ஆள் பாவம் என்று. மேஜையில் இழுத்தால் வெடிக்கிற கிறிஸ்துமஸ் பட்டாசு, தலையில் காகிதக் கிரீடம், மெல்வினின் சீட்டி எல்லாம் கண்முன் வந்தன. மெல்வினை வீட்டுக்குள் விட்டாலும் ஆபத்து, விடாவிட்டாலும் ஆபத்து. கிளைவ் வசமாக மாட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ஜானிஸ் கடைக்குப் போனதும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. பொறாமைக்காரனுக்கு உதிக்கிற யோசனை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. வீட்டு வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் குழாய் இழுக்க வேண்டும், பிறகு பூச்சு, அது காய்ந்த பிறகுதான் ரேடியேட்டர். இதை மாற்றிச் செய்கிறவனை எந்தப் பூச்சுக்காரனும் மனிதனாகவே மதிக்க மாட்டான். தண்ணீர் நிறைந்த ரேடியேட்டர் வழியை மறித்துக்கொண்டு தொங்குகிற சுவரில் கரணை பிடிக்க எவனும் ஒப்பமாட்டான். மெல்வின் வந்து பார்ப்பான், முகம் சுளிப்பான், போய்விடுவான். வீடும் சூடாகிவிடும். ஜானிஸும் குளிர் போய்விட்டதென்று சமாதானமாகிவிடுவாள். கிளைவுக்குத் தன் புத்தியை நினைத்து உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

பழைய ரேடியேட்டரை மறுபடி மாட்ட அவனுக்கு மனம் வரவில்லை. வேனை எடுத்துக்கொண்டு போய், கிடைத்ததிலேயே பெரிய, இரட்டைத் தகடு உள்ள ஒன்றை வாங்கி வந்தான். ஒருவேளை, எப்படியாவது, அந்த மெல்வின் பூசியே தீர்ந்தாலும் பாதிச் சுவராவது அதன் பின்னால் மறையட்டும் என்று ஒரு கணக்கு. செங்கல்லில் துளை போட்டான். பழைய செங்கல், பாதி இடத்தில் பொடியாக உதிர்ந்தது. திட்டிக்கொண்டே இடம் மாற்றித் துளைத்தான். மரத்துண்டுகளை அறுத்து, ரேடியேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால் வைத்து முடுக்கினான். தரையிலிருந்து செப்புக் குழாய்களை எழுப்பி, வால்வைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டான். இரும்புக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் அவனுக்கு எப்போதும் பிடித்த சத்தம். மதியத்துக்குள் அந்தச் செங்கல் அறையில் கதகதப்பு பரவியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அழகு பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜானிஸ் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"இது என்ன?"

"ரேடியேட்டர்."

"ரேடியேட்டர்னு எனக்கும் தெரியுது. பூசாத சுவர்ல எதுக்கு மாட்டின?"

"உனக்குக் குளிருதேன்னுதான்."

"முப்பது வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணியிருக்கேன் கிளைவ். பூச்சுக்கு முன்னாடி ரேடியேட்டர் மாட்டுறவனை நீயே என்னென்ன சொல்லித் திட்டுவேன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் சவர்பி பிரிட்ஜ்ல ஒருத்தன் மாட்டினதுக்கு ராத்திரிச் சாப்பாடு முழுக்க அவனைத் திட்டின. இப்ப உனக்கு என்ன வந்துது?"

கிளைவ் வால்வைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான். ஜானிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். அன்றும் மறுநாளும் வீட்டில் கெட்டிலைத் தவிர வேறெதுவும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளைவ் மேட்டுத் தெரு தேவாலயத்தில் பழைய கொதிகலனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தேவாலயத்தைப் பெருக்க வந்த கிழவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க வீட்டு வாசல்ல மெல்வின் வேன் நிக்குதே. ஒருவழியா பூச்சு வேலைய ஆரம்பிச்சிட்டீங்க போல?" கிளைவ் ஸ்பானரைக் கீழே போட்டான். கொதிகலன் திறந்தபடி கிடக்க, கையில் கரியோடு வேனைக் கிளப்பினான். மேட்டிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் அவன் கண்முன் ஒரே காட்சிதான் ஓடியது. ஜானிஸின் உள்ளங்கை, அது சுவரில் நகர்ந்து போன விதம். தன் முதுகை அவள் அப்படித் தடவியது எப்போது என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

மெல்வினின் வேன் வாசலில்தான் நின்றது. கிளைவ் ஓசைப்படாமல் முன்கதவைத் திறந்தான். தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப்போல் நுழைகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து ஜானிஸின் சிரிப்பு கேட்டது. லேசான சிரிப்பில்லை. மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரிக்கிற சிரிப்பு. கிளைவ் அதைக் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. சேர்ந்து மெல்வினும் சிரித்தான்.

கிளைவ் உள்ளே பாய்ந்தான். "சிரிங்க! நல்லா சிரிங்க! என் வீட்ல நின்னுக்கிட்டு என்னைப் பாத்தே சிரிங்க!"

ரேடியேட்டர் கழற்றித் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜானிஸ் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இறைச்சி வாட்டும் பழைய தட்டில் ரேடியேட்டரிலிருந்து வடிந்த தண்ணீர். கையில் கிளைவின் ஸ்பானர். மெல்வின் சுவரோரம் நின்று ஒரு மரத்துண்டை விரலில் பிடித்திருந்தான்.

"நாலு வருஷமா பாக்குறேன்," கிளைவுக்குக் குரல் உடைந்தது. "அன்னிக்கு மரியன் வீட்ல அவன் சுவரைத் தடவினியே, கையுறையைக் கழட்டிட்டு! பட்டாம்! என் வேலையைப் பாத்து ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பியா? அது தரைக்கு அடியில கிடக்கு, நானும் அதோடயே கிடக்கேன். போறதா இருந்தா போயிடு ஜானிஸ். மரியன் வீட்டுக்கோ, இவன் வீட்டுக்கோ!"

தட்டில் கடைசிச் சொட்டு விழுந்தது. மெல்வின்தான் முதலில் பேசினான், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரேடியேட்டரைத் தொட அவ என்னை விடல கிளைவ். நான் கழட்டுறேன்னு சொன்னேன். 'அது கிளைவோட வேலை, நீ அசிங்கம் பண்ணிடுவ'ன்னு அவளே ரெண்டு வால்வையும் மூடி, தட்டை வச்சு வடிச்சு இறக்கினா. எங்க கத்துக்கிட்டன்னு கேட்டேன். உன்னைப் பாத்துத்தானாம்."

"அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

மெல்வின் கையிலிருந்த மரத்துண்டை நீட்டினான். "இதுக்கு. நான் உள்ளே வராம இருக்கத்தான் நீ இதை மாட்டினேன்னு இவ சொல்றா. கழட்டிப் பாத்தா பிராக்கெட்டுக்குப் பின்னாடி இது. என் பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு கனம், மயிரிழை கூடக் குறைச்சல் இல்ல. குழாயும் அதே அளவு தள்ளித்தான் நிக்குது. பூசி முடிச்சா இரும்பு அப்படியே போய் உக்காரும். வராதேன்னு கதவைச் சாத்திட்டு எனக்கு நாற்காலியும் போட்டு வச்சிருக்கியேப்பா!"

கிளைவ் அந்தத் துண்டைப் பார்த்தான். அதை அறுத்தது அவன் கைதான். அறுத்தபோது எதற்கென்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. வேலையைக் கெடுக்க வேண்டும் என்று புத்தி முழுக்கத் திட்டம் போட்டிருந்தபோது, பாழாய்ப்போன கை தன் பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்து தொலைத்திருக்கிறது. முகம் காதுவரை சிவந்தது.

ஜானிஸ் எழுந்து ஸ்பானரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"காலையில எழுந்ததும் நான் முதல்ல எங்க போறேன்னு உனக்குத் தெரியுமா?"

"கெட்டில் போட."

"இல்ல. சமையலறை ரேடியேட்டர்கிட்ட. ரெண்டு கையையும் அதுமேல வச்சுக்கிட்டு நிப்பேன். கை சூடானதும் திரும்பி முதுகைக் குடுத்து நிப்பேன். அதுக்கப்புறம்தான் கெட்டில். முப்பது வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. உனக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ள நீ ஊரான் வீட்டைச் சூடாக்க வேனைக் கிளப்பிடுவ." அவள் குரலும் கொஞ்சம் நடுங்கியது. "அவன் சுவரை ஒரே ஒரு தடவை தொட்டேன் கிளைவ். அதை நாலு வருஷம் மனசுல வச்சுப் புழுங்கியிருக்க. மடையா!"

கிளைவுக்குக் கரி படிந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழுகை வருகிறாற்போல் இருந்தது. மெல்வின் நின்றதால் அடக்கிக்கொண்டான்.

"டீ எதாவது கிடைக்குமா?" என்றான் மெல்வின் ஈனக்குரலில். பிறகு, யாரும் கேட்காமலேயே, "எங்க வீட்ல சுவரெல்லாம் பட்டு மாதிரிதான் இருக்கு. ஒண்டியா உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்," என்றான்.

இதைக் கேட்டுக் கிளைவுக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு அல்ப சந்தோஷம்தான் வந்தது, அதுவும் தாராளமாகவே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவனே போய் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

மெல்வின் பூசிய நாட்களில் கிளைவ் வேறு வேலைக்கே போகவில்லை. திறந்து கிடந்த தேவாலயக் கொதிகலனை ஒரு நண்பனை அனுப்பி முடிக்கச் சொன்னான். விளக்கு பிடிப்பது, தண்ணீர் சுமப்பது, வாளி கழுவுவது எல்லாம் அவனே. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்றுதான் சொன்னான். ஆனாலும் மெல்வினுக்கு டீ கொண்டுபோகும் வேலையை மட்டும் ஜானிஸிடம் விடவில்லை. பூச்சு தானாகத்தான் காய வேண்டும், சூடு வைத்தால் வெடித்துவிடும் என்று மெல்வின் அறையைக் குளிரிலேயே போட்டு வைத்தான். பழுப்பு நிறச் சுவர் ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முழுக்க வெளிர்சிவப்பாகிவிட்டது.

ரேடியேட்டரை மறுபடி மாட்டுகிற அன்று வீட்டில் கிளைவ் மட்டும்தான் இருந்தான். வாசல்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கையைக் கால்சட்டையில் துடைத்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனான். எங்கேயும் தட்டவில்லை, தடுக்கவில்லை. பட்டேதான். பாவிப்பயல்! மறுபடியும் ஒருமுறை தடவிப் பார்த்தான், ஏதாவது குறை இருக்கும் என்ற நம்பிக்கையில். இல்லை.

ஆத்திரத்தோடு அந்தச் சுவரிலேயே துளை போட்டு பிராக்கெட்டை முடுக்கினான். பெரிய இரட்டைத் தகட்டு ரேடியேட்டரைத் தூக்கி வைத்தான். குழாய் வாயும் வால்வும் ஒன்றையொன்று தேடாமல் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் ஏறியது. கிளைவ் சாவியால் காற்றை வெளியேற்றிவிட்டு, அது மெல்லச் சூடாவதைக் கைவைத்துப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான்.

ஜானிஸ் பனியில் நனைந்து கடையிலிருந்து வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே ரேடியேட்டரிடம் போனாள். இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டாள். பிறகு திரும்பி முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாகத் தினமும் நடந்த காரியத்தைக் கிளைவ் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தான்.

"சுவரைத் தொட்டுப் பாக்கலையா?" என்று கேட்டான். கேட்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

"எந்தச் சுவரை?" ஜானிஸ் கண்ணைத் திறக்கவில்லை. "அதான் பாதியை மறைச்சுட்டியே."

கிளைவ் மறையாத மீதிப் பாதியைப் பார்த்தான். அது ஜன்னல் வெளிச்சத்தில் வழவழவென்று இருந்தது. அங்கே ஒரு பெரிய அலமாரி வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குப் பட்டது.